புல்லிலிருந்து எண்ணெய் எடுத்த காளான்

எது அழுகினாலும் மகிழ்ந்துபோகிற மனிதர் இந்தப் பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். ரொட்டி பூஞ்சை பிடித்தால் சிரிப்பார். மழையில் நனைந்த கட்டில் கால் உளுத்துப்போனால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நலம் விசாரிப்பார். எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன கெட்டுப்போனாலும், அது குப்பைத் தொட்டிக்குப் போகும் வழியில் அவரிடம் ஒருமுறை முகம் காட்டிவிட்டுத்தான் போகும். அடையாள அட்டையில் அவர் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் காளான். பிள்ளைகளுக்குக் காளான் மாமா, பெண்களுக்குக் காளான் அண்ணே.

அவர் மேல் எனக்குப் பொறாமை. சும்மா வந்து போகிற பொறாமை இல்லை. காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுகிற பொறாமை.

நான் புல் வெட்டுகிறவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத் திடல், கோயில் வளாகம், சாலை ஓரம் என்று எங்கள் குனோங் ராபாட் ஊர் முழுக்க வெட்டியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னை நிறுத்திப் பேசியதில்லை. பேசியிருந்தாலும் மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. மெஷினை நிறுத்திவிட்டால் எனக்குப் பேச வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் காது சூடாகிவிடும். காளான் அப்படி இல்லை. லோங்காங் அடைத்துக்கொண்டது என்று நாலு பேர் கூடினால், அந்தச் சாக்கடையைப் பற்றியே ஒரு கச்சேரி நடத்தி, நாலு பேரையும் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவார். நான் எங்கள் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அவர் இருந்தது வாடகை வீடு. வாடகைக்கு இருப்பவர்கள் என்றைக்காவது காலி செய்வார்கள். அதுதான் எனக்கு ஆறுதல்.

முதலில் அவர் உண்மையிலேயே காளான் வளர்த்தவர்தான். ரப்பர் மரத்தூளைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, அவித்து, விதை போட்டு, பின்கட்டில் அடுக்கி வைப்பார். பையின் வாயில் வெள்ளை வெள்ளையாகக் காது முளைக்கும். அதைப் பறித்துக்கொண்டு போய் பாசார் மாலாமில் கடை போடுவார். அந்த இரவுச் சந்தையில் அவர் விற்றதைவிடப் பேசியது அதிகம்.

"வாங்கக்கா, வாங்க! நம்ம அப்பா அம்மா பால் வெட்டுன மரம் இது. அப்ப நமக்குச் சோறு போட்டுச்சு, இப்பக் காளானுக்குப் போடுது. மனுசனுக்கெல்லாம் ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டாங்க, அந்த மரத்துக்கு மட்டும் இன்னும் குடுக்கல லா!"

இதைக் கேட்டு என் மனைவி மல்லிகா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்த கையோடு ஒரு பை வாங்குவாள். வீட்டில் காளான் குழம்பு, காளான் பிரட்டல், காளான் சம்பால். தட்டில் ஒரு மீன் துண்டைப் பார்ப்பதற்கு நான் நோய்வாய்ப்பட வேண்டியிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய பைகள் அத்தனையும் பச்சையாகிவிட்டன. பச்சைப் பூஞ்சை. காளான் வளர்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஒரு பையில் வந்தால் பக்கத்துப் பையைத் தொற்றும், அப்புறம் கொட்டகை முழுக்கப் பாசி பிடித்த கிணறு மாதிரி ஆகிவிடும். காளான் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தெருவே போய் ஆறுதல் சொன்னது. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒரு நாள் காலை அவர் எங்கள் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார். கையில் கைப்பேசி, கண்ணில் புது வெளிச்சம்.

"மச்சான்! இது வியாதி இல்ல மச்சான், இஞ்சின்!"

"எது?" என்றேன்.

"பச்சைப் பூஞ்சை! வீடியோல பாத்தேன். வெளிநாட்டுல இத வச்சுத்தான் மரத்தூள், வைக்கோல், புல்லு எல்லாத்துலயும் எண்ணெய் எடுக்குறாங்க. கார் ஓட்டுற எண்ணெய்! எதிரின்னு நெனச்சு வெரட்டிக்கிட்டு இருந்தேனே, இவன்தான் நம்ம ஆளு!"

உள்ளேயிருந்து மல்லிகா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அதெப்படிண்ணே பூஞ்சையில எண்ணெய் வரும்?"

அவர் கதவில் சாய்ந்து நின்று பாடம் எடுத்தார். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அதனால் அது மரத்தின் மேல் எச்சிலைத் துப்பும். அந்த எச்சில் பட்டதும் மரத்தில் இருக்கிற நார் சீனியாகக் கரையும். அந்தச் சீனியை அது உறிஞ்சிக்கொள்ளும். அது உறிஞ்சும் முன் நாம் முந்திக்கொண்டால் சீனித் தண்ணீர் நமக்கு. அதில் மலாய்க்காரர்கள் சோற்றைப் புளிக்க வைத்துத் தாப்பே செய்யப் போடுகிற வெள்ளை மாவுக்கட்டியை உதிர்த்துப் போட்டால், சீனி எரிசாராயமாக மாறிவிடும். காய்ச்சி எடுத்தால் எண்ணெய்.

"அதாவது, பூஞ்சையோட எச்சில்தான் முக்கியம்மா" என்றார்.

நான் வாய் வைத்துக் குடித்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிறவள் மல்லிகா. அவள் கன்னத்தில் கை வைத்து, "எச்சிலாண்ணே! என்னா அருமையா இருக்கு பாருங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடத் திடலை மண் தெரியும் வரை வெட்டினேன்.

அதோடு விட்டாரா? அவருக்கு நார் வேண்டும். மரத்தூள் கடினமாம், பூஞ்சைக்குப் பல் வலிக்குமாம். புல் என்றால் சுலபமாம். புல் யாரிடம் இருக்கிறது? நான் வேலை முடித்துச் சாக்குகளோடு வரும் நேரத்துக்குச் சரியாக வாசலில் நிற்பார். அதுவரை நான் வெட்டிய புல்லை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இவர் சாக்கைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்து, மாமியார் மருமகளின் சாம்பாரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"நேத்துக் கொண்டாந்தது தங்கம் மச்சான். இன்னிக்கு முத்திப்போச்சு. எந்தப் பக்கம் வெட்டுன?"

"கோயில் பின்னாடி."

"அதான். அங்க லாலான் புல்லு ஜாஸ்தி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பாரேன்."

சம்பளம் கொடுக்கிற தவுக்கே மாதிரி எனக்கு வேலை சொன்னார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் போனேன். எனக்கே தெரியவில்லை, ஏன் போனேன் என்று.

புல்லைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைப்பார். அலசிப் பிழிந்து மீன் பெட்டிகளில் பரப்பிப் பச்சைப் பூஞ்சையைத் தூவி ஈரத்துணி போட்டு மூடுவார். பிள்ளைத்தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். "தூங்குறான், தூங்குறான்" என்று மெதுவாகச் சொல்வார். தெருப் பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். என் வீட்டு வாசலில் ஒரு பிள்ளை நின்றதில்லை. எங்கள் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, நான்தானே இருக்கிறேன்.

எச்சில் வேலை செய்து புல் சீனியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் லெட்சுமி அக்கா வருகிறார்.

லெட்சுமி அக்கா எங்கள் வரிசையின் கடைசி வீடு. தோட்டத்தில் இருந்த காலத்தில் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் சம்சு காய்ச்சிய கொட்டகையை உடைத்தவர். சம்சு என்றால் கள்ளச்சாராயம். அதனால் சீரழிந்த குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். இப்போது வயதாகிவிட்டது, ஆனால் குரலுக்கு வயதாகவில்லை. அவருக்கு இனிப்பு நீர் வியாதி. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்கிற சின்ன மெஷின் வைத்திருந்தார்.

காளான் அதை இரவல் கேட்டார். "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குக்கா, சீனி பாக்கணும்" என்றார். அக்கா இரக்கப்பட்டுக் கொடுத்தார். இவர் தன் விரலில் குத்தவே இல்லை. புல் ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டை அந்த மெஷினுக்கு வைத்தார். மெஷின் திகைத்துப்போய், எண்ணே காட்டாமல், மிக அதிகம் என்று மட்டும் காட்டியது. அவர் துள்ளிக் குதித்தார். நாள்தோறும் காலையும் மாலையும் புல்லுக்குச் சீனி பார்த்தார். "இன்னிக்குப் புல்லுக்குச் சீனி ஏறியிருக்கு!" என்று அவர் கத்துவதும், "ஏறட்டும்ணே, ஏறட்டும்" என்று மல்லிகா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பதில் கொடுப்பதும் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம் ஆனது.

அந்த மெஷின் பார்த்ததையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பது காளானுக்குத் தெரியாது. லெட்சுமி அக்காவுக்கும் தெரியாது. கிளினிக்கில் இருந்த மிஸ்ஸிக்குத் தெரியும். அக்கா வழக்கம்போல் பரிசோதனைக்குப் போனபோது அந்த நர்ஸ் மெஷினை வாங்கி அழுத்திப் பார்த்திருக்கிறாள். முகம் வெளுத்துவிட்டதாம். "அம்மா, நீங்க எப்படி இன்னும் நடந்து வாரீங்க?" என்று கேட்டாளாம். அன்று முதல் அக்காவுக்குச் சோறு பாதி, காப்பி வெறும் கசப்பு, தீபாவளிப் பலகாரத்தைப் பார்க்க மட்டும் அனுமதி. "நான் நடக்குற பொணம்" என்று அக்கா எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். புல்லின் சீனிதான் அது என்று தெரிய வந்தபோது, தீபாவளி முடிந்து முறுக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

இப்படி ஒரு கோபம் உள்ளே புகைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் காளான் நீல டிரம்களைப் பின்சந்துக்குக் கொண்டுவந்தார்.

சீனித் தண்ணீரை டிரம்களில் ஊற்றி, தாப்பே மாவுக்கட்டியைப் போட்டு மூடி வைத்தார். உள்ளே குமிழ் விட ஆரம்பித்தது. பின்சந்தில் நடந்தால் டிரம்கள் நம்மைப் பற்றி ஏதோ முணுமுணுப்பது போலிருக்கும். காய்ச்சி எடுப்பதற்கு அவருக்கு ஒரு பிரஷர் குக்கர் தேவைப்பட்டது. மல்லிகா எங்கள் குக்கரைக் கொடுத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த குக்கர். அதன் மூடியில் செம்புக் குழாயைச் செருகி, குழாயை வாளித் தண்ணீரில் சுருட்டி விட்டு, மறுமுனையில் போத்தலை வைத்தார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து பருப்பு வேகவில்லை.

"பருப்பு ஏன் இப்படிக் கடினமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா மெல்லுங்க. பூஞ்சைக்குப் பல்லே இல்ல, அது மரத்தையே தின்னுது" என்றாள் மல்லிகா.

குழாயிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்த மாலைதான் காற்று தெரு முனை வரை வீசியது. வாசனை லெட்சுமி அக்கா வீட்டுக்குள் நுழைந்தது. அந்த வாசனை அவருக்குத் தெரியாததா! ஈர்க்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, அக்கா பின்சந்துக்குள் வந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"டேய் காளான்! வெளிய வாடா! தோட்டத்துல சம்சுப் பானைய ஒடச்ச கைடா இது!"

"அக்கா, இது சம்சு இல்லக்கா. எண்ணெய்."

"எண்ணெயா? எண்ணெய் இப்படியா நாறும்? என் அப்பன் இந்த நாத்தத்தோடதான்டா செத்தான்!"

டிரம்கள் மட்டும் முணுமுணுத்தன. காளான் முதல்முறையாகச் சிரிக்காமல் நின்றார்.

"என் அப்பனுந்தான்க்கா" என்றார் மெதுவாக. "இதக் குடிக்க மாட்டேன். யாருக்கும் குடுக்க மாட்டேன். சத்தியமா மெஷினுக்குத்தான்."

"மெஷின் ஓடுமா இதுல?"

"ஓடும்க்கா."

"அப்ப ஓட்டிக் காட்டு. ஞாயித்துக்கெழம திடல்ல, எல்லாரு முன்னாடியும். ஓடுச்சுன்னா நீ இரு. ஓடலன்னா டிரம்மெல்லாம் லோங்காங்ல கவுத்துட்டு, வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிருவேன். நீ வேற ஊரப் பாத்துக்க."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வேற ஊர். அந்த இரண்டு வார்த்தையும் காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. மெஷின் கண்டிப்பாக ஓடாது. புல்லிலிருந்து வந்த தண்ணீரில் எந்த மெஷின் ஓடும்? எந்த முட்டாள் தன் மெஷினை இதற்குத் தருவான்?

"எங்க வீட்டு மெஷின எடுத்துக்குங்கண்ணே!" என்றாள் மல்லிகா.

நான் வாயைத் திறப்பதற்குள் காளான் சுவர்மேல் எட்டி என் தோளைப் பிடித்துவிட்டார். "மச்சான்னா மச்சான்தான்!" எனக்குக் காது சூடாகி, தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்பதுபோல் ஆடிவிட்டது.

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முதுகில் மாட்டுகிற புல் மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்ற முடியாது. அதில் டூ-டி எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உரசி இறுகிவிடும். காளான் தன் சரக்கில் டூ-டியை ஊற்றிக் குலுக்கினார். கொஞ்ச நேரத்தில் அது தனியாகவும் இது தனியாகவும் பிரிந்து நின்றன, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. மறுபடி குலுக்கினார். மறுபடி பிரிந்தன. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போலிருந்தது.

அதைக் கெடுத்ததும் என் மனைவிதான். குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், அதே கையோடு அவருடைய போத்தலை வாங்கிப் பார்த்தாள். இரண்டு சொட்டு கையில் சிந்தியது.

"அண்ணே, இங்க பாருங்க. சவுக்காரம் போட்டாலும் போகாத விளக்கெண்ணெய், ஒங்க எண்ணெய் பட்டதும் கரைஞ்சு போச்சு!"

காளான் அவள் கையையே பார்த்தார். பிறகு எங்கள் வீட்டு விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தன் சரக்கில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினார். பிரியவில்லை. தேன் மாதிரி ஒன்றாக நின்றது.

"மல்லிகா, நீ விஞ்ஞானிம்மா!" என்றார்.

எங்கள் கல்யாணத்திலிருந்து இன்று வரை நான் மல்லிகாவை எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லி அழைக்க நினைத்ததுண்டு. ஒன்றும் வாயில் வந்ததில்லை. இந்த மனிதருக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. மல்லிகா அன்று முழுக்க முகம் சிவந்து திரிந்தாள். விஞ்ஞானி சமைத்த ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திடல் ஓரத்தில் லாலான் இடுப்பளவு வளர்ந்து நின்றது. சுண்ணாம்புக் குன்று பின்னால் வெள்ளையாக நின்று பார்த்தது. தாமானே கூடியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டவர்களும் உண்டு. லெட்சுமி அக்கா முன்வரிசையில், மடியில் ஈர்க்குமாறு. எத்தனையோ சாக்குப் புல், எத்தனையோ வாரம் அழுகி, ஊறி, புளித்து, திரும்பத் திரும்பக் காய்ச்சிய பிறகு மிஞ்சியது ஒரு சின்னச் சீசா. காளான் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து என் மெஷினில் ஊற்றினார்.

"இழு மச்சான்" என்றார்.

என்னை! எல்லாரும் பார்க்கும்போது! நான் முடியாது என்று கையை ஆட்டிவிட்டு, மல்லிகாவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவரே கயிற்றைப் பிடித்து இழுத்தார். மெஷின் ஒருமுறை இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். இருமல், நிறுத்தம். கூட்டத்தில் யாரோ, "அதுக்கும் இனிப்பு நீர் போல!" என்றார்கள். சிரிப்பு பரவியது. காளான் வியர்த்து வழிய இழுத்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக நாலு பேர் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார், நாலு பேரையும் மிஞ்சிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எரிபொருள் டப்பாவில் வாயை வைத்து ஏதோ சொன்னார். கிட்டே இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"வாடா கண்ணு. போக வேற எடம் இல்லடா எனக்கு."

லெட்சுமி அக்கா ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் காத்திருந்த நேரம் அதுதான். வேற ஊர். சும்மா நின்றிருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்திருக்கும். ஆனால் அந்த மெஷின் இருமுவதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அது என் முதுகில் தொங்கிய மெஷின். பசியில் இருமுகிறது என்று எனக்குத் தெரிந்தது. காற்று அதிகம், எண்ணெய் போதவில்லை. எப்படி முன்னால் போனேன் என்று நினைவில்லை. காது இரண்டும் அடுப்பு மாதிரி எரிந்தன. காளானைத் தள்ளிவிட்டு, காற்று போகிற வழியைப் பாதி மூடி, கயிற்றைச் சுண்டி இழுத்தேன்.

மெஷின் கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. சினிமாக் கொட்டகையில் கதாநாயகன் முகம் தெரிந்ததும் முன்வரிசை கத்துமே, அப்படி. வெள்ளைப் புகை கிளம்பித் திடல் முழுக்கப் பரவியது. விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை. வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் வீட்டுக்கு வீடு விளக்கு வைத்ததுபோல் மணந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. நான் மெஷினைத் தூக்கி மாட்டிக்கொண்டு லாலானுக்குள் இறங்கினேன். வெட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் பார்க்கப் புல் வெட்டினேன். இவ்வளவு நேராக நான் எந்த நாளும் வெட்டியதில்லை.

ஒரு கோடு வெட்டி முடிப்பதற்குள் சீசா தீர்ந்து மெஷின் அடங்கியது. கைத்தட்டல் காதைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தேன். கூட்டம் முழுக்கக் காளானைச் சுற்றி நின்றது. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாதிச்சிட்டீங்கண்ணே!" என்றாள்.

வயிறு எரிந்தது. அதைவிட எரிய வைத்தது அடுத்து அவர் செய்தது. இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தி, என்னைச் சுட்டிக் காட்டினார்.

"என்னை எதுக்குக் கொண்டாடுறீங்க? புல்லும் இவர் வெட்டுனது. மெஷினும் இவரோடது. விளக்கெண்ணெய் இவர் வீட்டு விளக்கெண்ணெய். இழுத்ததும் இவரு. நானும் பூஞ்சையும் சும்மா ஒக்காந்து வேடிக்க பாத்தோம் லா!"

எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் மெஷினோடு ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். புகழை இப்படி அள்ளிக் கொடுக்கிறதுக்கும் ஒரு மனம் வேண்டுமே, அதுவும் அவரிடம்தானா இருக்க வேண்டும்?

லெட்சுமி அக்கா மட்டும் அசையவில்லை. வெட்டிய கோட்டையும் காலிச் சீசாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்டா, அத்தன சாக்குப் புல்லுல இவ்ளோ எண்ணெய். அந்த எண்ணெயில இத்துனூண்டு புல்லு வெட்டலாம். அப்புறம் இந்தப் புல்ல என்னா செய்வ?"

"அதையும் நானே எடுத்துக்குவேன்க்கா."

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈர்க்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார். "சரி, இது சம்சு இல்ல, ஒத்துக்குறேன். நீ இரு. ஆனா இனிமே இங்க காய்ச்சக் கூடாது. லைசென்ஸ் இல்லாமக் காய்ச்சுனா போலீஸ் வந்து ஒன்னைக் கொண்டுபோயிரும். பூஞ்சையோட நிறுத்திக்க."

அவர் பூஞ்சையோடு நிறுத்திக்கொண்டார். குக்கர் வீட்டுக்குத் திரும்பியது, பருப்பு வெந்தது. ஆனாலும் நான் வரும் நேரத்துக்கு அவர் வாசலில் நிற்பது நிற்கவில்லை. சாக்கைப் பிரித்து முகர்ந்து குறை சொல்வதும் நிற்கவில்லை.

அடுத்த வருடம் பாகான் டத்தோவிலிருந்து அவருடைய தங்கை கூப்பிட்டாள். அவர்களுக்கு அங்கே கொஞ்சம் தென்னையும் செம்பனையும் இருந்தன. ஆள் இல்லை. மட்டையும் பாளையும் சும்மா கிடந்து மக்குகின்றன என்று தங்கை சொன்னதுதான் தாமதம், இவர் மூட்டை கட்டிவிட்டார். லாரி ஏறும்போது தெருவே நின்று அழுதது. லெட்சுமி அக்கா மூக்கைச் சிந்தினார். மல்லிகாவைக் கேட்கவே வேண்டாம். நான் மீன் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினேன். நான் விரும்பியது நடந்துவிட்டது, அதனால் நன்றாக இறுக்கிக் கட்டினேன். பிறகு எதற்கோ அவிழ்த்து இன்னொரு தரம் கட்டினேன்.

இப்போது அந்த வீட்டில் ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கார் கழுவுவார்கள். ஒரு சத்தம் கிடையாது. எதுவும் அழுகுவது கிடையாது. நான் வெட்டுகிற புல்லை நேரே குப்பையில் கொட்டுகிறேன். இளம் புல்லா முத்தின புல்லா என்று கேட்க ஆளில்லை.

போன வாரம் அவர் போன் பண்ணினார். மல்லிகாதான் நெடுநேரம் பேசினாள். கடைசியில் என் கையில் கொடுத்தாள்.

"மச்சான், எப்படி இருக்க? இங்க பக்கத்து வீட்டுல ஒரு ஆளு இருக்காரு. மட்டை, பாளை எல்லாம் அவர்தான் எனக்குக் கொண்டாந்து குடுக்குறாரு. ஒன்னைய மாதிரியே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. தங்கமான மனுசன்!"

நான் "ஓ" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆளை நான் பார்த்ததில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.